கைரேகையும் கரும்பலகையும்

மேகமலை மீதேறிக் கம்பம் பள்ளத்தாக்கைப் பார்த்தவர்கள் தவறாமல் எழுதும் உவமை ஒன்று உண்டு: பச்சைக் கம்பளம். நாமும் அதை ஒரு முறை எழுதிக் கடனைத் தீர்த்துவிட்டு மேலே செல்வோம். தேயிலைத் தோட்டங்களின் விளிம்பில் நின்றால், கீழே சின்னமனூரும் உத்தமபாளையமும் குழந்தைகள் இறைத்துவிட்டுப் போன சொக்கட்டான் காய்களைப்போல் தெரிகின்றன. அவற்றினிடையே முல்லைப் பெரியாறு ஓடுகிறது. மேற்கே கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஆற்றை அணை கட்டி மறித்து, மலையைக் குடைந்து, 1895-ஆம் வருஷத்தில் கிழக்கே திருப்பினார்கள். கரட்டு நிலம் கழனியாயிற்று. அணை கட்டிய பென்னிகுவிக் துரையின் பெயரை இப்பகுதி ஜனங்கள் தங்கள் பிள்ளைகளுக்கு இட்டு மகிழ்கிறார்கள். நிலத்தைத் திருத்திய இந்தக் கதை எல்லோரும் அறிந்தது.

மனிதரைத் திருத்தப் புறப்பட்ட கதை ஒன்றும் இதே பள்ளத்தாக்குக்கு உண்டு. அதை அறிந்தவர்கள் குறைவு. ஆனால் அதன் அடையாளம் ஒளிந்து கிடக்கவில்லை. ஊர் நடுவே பலகையில் எழுதியே இருந்து வந்திருக்கிறது. தேனி, மதுரை, திண்டுக்கல் மாவட்டங்களில் முந்நூற்றுக்குச் சற்றுக் குறைவான பள்ளிக்கூடங்கள் 'அரசு கள்ளர் பள்ளி' என்ற பெயரைத் தாங்கி வந்திருக்கின்றன. அவற்றை நடத்துவதற்கென்று ஏற்பட்ட இலாகாவின் பெயர் 'கள்ளர் சீரமைப்பு'. 2023-ஆம் வருஷத்து வரவு செலவுத் திட்டத்தில், பல இலாகாக்களின் கீழிருந்த பள்ளிகளையெல்லாம் பள்ளிக் கல்வித் துறையின் கீழ்க் கொண்டுவரப் போவதாகத் தமிழ்நாடு சர்க்கார் அறிவித்தது. 2024-இல் நீதிபதி சந்துரு அவர்களின் குழு, பள்ளிகளின் பெயரில் ஜாதியைக் குறிக்கும் சொற்களை நீக்கிவிட வேண்டுமென்று சிபாரிசு செய்தது. இவ்விரண்டையும் பலமாக எதிர்த்தவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? கள்ளர் வகுப்பினரே!

பட்டணத்தில் பத்திரிகை வாசிப்பவர்களுக்கு இது விந்தையாகத் தோன்றும். 'சீரமைப்பு' என்றால் சீர் குலைந்ததைச் செப்பனிடுவது அல்லவா? தங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்தின் மீது அப்படி ஒரு சொல் தொங்க வேண்டுமென்று எவராவது விரும்புவார்களா? ஜாதிப் பிடிவாதம் என்று ஒரே சொல்லில் தீர்ப்பளித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடலாம். உத்தியோகம், சலுகை, சொத்து பற்றிய கவலைகளும் அந்த எதிர்ப்பில் கலந்திருந்தன என்பது உண்மைதான். ஆனால் அடியில் வேறொன்று கிடக்கிறது. அதைப் பார்ப்பதற்கு நூறு வருஷம் பின்னால் போக வேண்டும்.

பிரமலைக் கள்ளர்களின் நாடு மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்தைச் சேர்ந்தது. எட்டு நாடு, இருபத்து நான்கு உபகிராமம் என்று அதற்குக் கணக்குச் சொல்வார்கள். திருமலை நாயக்கர் காலத்தில் இவர்களுடைய தலைவருக்குத் 'திருமலைப் பின்னத் தேவர்' என்ற பட்டம் கிடைத்தது. ஊர் ஊராகக் காவல் காப்பது இவர்கள் தொழில். காவலுக்குக் கூலியாகக் களத்தில் நெல் அளந்துவிட வேண்டும். மாடு காணாமற் போனால், கண்டுபிடித்துக் கொடுப்பதற்குத் துப்புக்கூலி. காவற்கூலி கொடாத ஊரில் மாடு காணாமற் போவது சற்று அதிகமாகவே நிகழ்ந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 1896-இல் திண்டுக்கல் பக்கத்துக் குடியானவர்கள் பணம் வசூலித்து நிதி சேர்த்துக்கொண்டு, கள்ளர் காவல் இனி வேண்டாமென்று கிளம்பினார்கள். வீடுகள் தீக்கிரையாயின. அந்த 'நிதி' என்பதன் ஆங்கிலச் சொல்லே மருவிப் 'பண்டுக் கலகம்' என்று அதற்குப் பெயராயிற்று. ஆகவே இந்தச் சரித்திரத்தில் நொந்தவர்கள் ஒரு தரப்பார் மட்டும் அல்லர்.

கம்பெனியாரும் பின்னர் வந்த சர்க்காரும் காவலைத் தங்கள் போலீஸுக்கு உரியதாக்கினார்கள். காவல் போயிற்று, மானாவாரி நிலமோ வானம் பார்த்தது. பெரியாற்றுத் தண்ணீர் பாய்ந்த கம்பம் பள்ளத்தாக்கை நோக்கிப் பல குடும்பங்கள் பெயர்ந்து வந்தன. இந்த நிலையில் வந்தது குற்றப் பரம்பரைச் சட்டம்.

1871-இல் வட இந்தியாவுக்கென்று செய்த சட்டம் அது. 1911-இல் திருத்தி விரித்துச் சென்னை மாகாணத்துக்கும் கொண்டுவந்தார்கள். 1914 முதல் சில கிராமங்களில் தொடங்கி, சில வருஷங்களுக்குள் பிரமலைக் கள்ளர் வகுப்பு முழுவதையும் அதன் கீழ்க் கொண்டுவந்துவிட்டார்கள். சட்டத்தின் விசேஷம் என்னவென்றால், ஒருவன் என்ன செய்தான் என்று அது கேட்பதில்லை. யாருக்குப் பிறந்தான் என்று மட்டுமே கேட்கும். பதிவு செய்யப்பட்ட ஆண் மகன் கைரேகை கொடுக்க வேண்டும். இரவில் காவல் நிலையத்திலோ ஊர்ச் சாவடியிலோ ஆஜராக வேண்டும். வெளியூர் போக வேண்டுமானால் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். போய்ச் சேர்ந்த ஊரிலும் அதைக் காட்ட வேண்டும். ஜனங்கள் இதை 'ரேகைச் சட்டம்' என்றே அழைத்தார்கள். சட்டப் புத்தகத்தில் உள்ள நீண்ட பெயரைவிட அந்தப் பெயரே பொருத்தமானது.

சட்டத்தின் ஷரத்துகளை வரிசையாக எழுதிவிடலாம். அவை ஒரு வீட்டுக்குள் எப்படி நுழைந்தன என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும். கல்யாணமாகி மூன்று நாள்கூட ஆகாதவனும் இருட்டினால் சாவடிக்குப் போயாக வேண்டும். கதிர் முற்றி நிற்கும் வயலுக்குக் காவல் வைக்க வீட்டில் ஆண்பிள்ளை இல்லை. குழந்தைக்கு ஜன்னி கண்டால் வைத்தியரை அழைத்துவரத் தாய்தான் ஓட வேண்டும். பத்து வயதுப் பையன் ஒவ்வொரு நாளும் அந்தி வேளையில், தன் தகப்பனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பேசாமல் தெருவில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அந்தப் பேசாமைதான் பையனுக்குக் கிடைத்த பிதுரார்ஜிதம்.

சட்டத்தின் நியாயம் எவ்வளவு கோணலானது என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். புதுக்கோட்டையை 1948 வரையில் ஆண்ட தொண்டைமான் மன்னர்களும் கள்ளர் குலத்தவரே. அவர்களுக்குப் பிரிட்டிஷார் பீரங்கி முழக்கி மரியாதை செய்தார்கள். உசிலம்பட்டிக் கள்ளனின் கட்டைவிரலை மையில் தோய்த்தார்கள். பிறப்பினாலேயே குற்றம் வருகிறதென்றால் பீரங்கி எதற்கு? பீரங்கி சரியென்றால் மை எதற்கு? சர்க்கார் இந்தக் கேள்விக்கு விடை சொன்னதாகத் தெரியவில்லை.

1920-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 3-ஆம் தேதி, பெருங்காமநல்லூர் என்ற கிராமத்தார் ரேகை கொடுக்க மறுத்தார்கள். ஆயுதப் போலீஸார் துப்பாக்கிப் பிரயோகம் செய்தார்கள். இறந்தவர்கள் பதினாறு பேருக்குக் குறையவில்லை. அவர்களில் ஒருத்தி மாயக்காள் என்ற பெண். அடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவள் என்று ஊரார் சொல்கிறார்கள். அமிருதசரசில் ஜாலியன் வாலாபாக் படுகொலை நடந்து அன்றைக்கு ஒரு வருஷம்கூடப் பூர்த்தியாகவில்லை. அதை நம் பாடப் புத்தகங்கள் அனைத்திலும் காணலாம். பெருங்காமநல்லூரைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஒவ்வோர் ஏப்ரல் மாதமும் அங்கே நினைவுத் தூணுக்கு மாலை சாத்துகிறவர்கள் மறக்கவில்லை என்பதே ஆறுதல்.

அந்தக் கிராமத்தாருக்காகக் கோர்ட்டில் வாதாடியவர் மதுரை பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோஸப். 1887-இல் செங்கன்னூரில் பிறந்த மலையாளக் கிறிஸ்தவர். மதுரையைத் தம் ஊராக்கிக்கொண்டு, 1938-இல் மதுரையிலேயே காலமானவர். கள்ளர் நாட்டார் அவருக்கு 'ரோசாப்பூ துரை' என்று பெயர் வைத்தார்கள். ஜோஸப் என்பது நாவில் நுழையாமல் ரோசாப்பூ ஆயிற்று என்பார் சிலர். அவர் கோட்டில் ரோஜாப் பூ அணிந்திருந்ததால் என்பார் வேறு சிலர். எதுவாயினும், வழக்குக்கு வந்த வக்கீலுக்கு ஒரு ஜன சமூகம் பூவின் பெயரைச் சூட்டிற்று.

இந்த ஜோஸப் 1918-இல் அன்னி பெஸன்ட் அம்மையாரின் ஹோம் ரூல் சங்கத்தின் சார்பில் இங்கிலாந்துக்குத் தூது புறப்பட்டவர்களில் ஒருவர். ஜிப்ரால்டரிலேயே அவர்களை மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 'ஹோம் ரூல்' என்ற சொல்லே நாம் ஐர்லாந்திடமிருந்து கடன் வாங்கியது. அம்மையாரும் ஐரிஷ் வம்சத்தவர். பின்னாளில் நம் குடியரசுத் தலைவரான வி. வி. கிரி சட்டம் படிக்க டப்ளினுக்குப் போய், 1916-ஆம் வருஷத்து எழுச்சியின் சமயத்தில் அங்கிருந்து வெளியேற நேர்ந்தது. ஆங்கிலேயரை எதிர்ப்பது எப்படி என்று அந்தக் காலத்தில் ஐர்லாந்தைப் பார்த்து அநேகர் கற்றுக்கொண்டார்கள். எதிர்த்து ஜயித்த பின்னர், உள்ளே தங்கிவிட்ட புண்ணை என்ன செய்வது என்பதையும் அந்தத் தேசத்தைப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம் என்பது எனது அபிப்பிராயம். நல்லதும் கெட்டதுமாக இரண்டு பாடமும் அங்கே இருக்கின்றன.

ஐர்லாந்தின் புண் பஞ்சம். 1845-இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. 1852 வரையில் அதன் கொடுமை நீடித்தது. 1841-இல் 81 லட்சத்துக்கு மேலிருந்த ஜனத்தொகை, 1851-இல் 65 லட்சமாயிற்று. ஏறக்குறைய பத்து லட்சம் பேர் மாண்டார்கள். பத்து லட்சம் பேர் கப்பலேறினார்கள். அந்த வருஷங்களிலும் தானியம் துறைமுகங்கள் வழியாக வெளியேறிக்கொண்டுதான் இருந்தது. நிவாரணப் பணத்தின் மீது லண்டனில் அமர்ந்து கை இறுக்கிய அதிகாரி சார்லஸ் டிரெவெலியன். பெயர் எங்கோ கேட்டதுபோல் இருக்கிறதா? 1859-இல் சென்னைக்குக் கவர்னராக வந்தவர் இவரேதான். ஒரே கையெழுத்து எத்தனை நாடுகளில்!

பஞ்சத்தில் பிழைத்தவர்கள் பல காலம் அதைப் பற்றிப் பேசவில்லை. பட்டினியில் செய்தது, செய்யத் தவறியது எல்லாம் நெஞ்சை அறுத்தன. சில இடங்களில் புராடஸ்டன்டு பாதிரிமார் சூப் ஊற்றி மதம் மாற்றினார்கள். அதைக் குடித்த குடும்பத்தாருக்குச் 'சூப்புக்காரர்' என்று வசைப்பெயர் விழுந்தது. பேரன் காலத்திலும் அந்தப் பெயர் போகவில்லை. பாட்டி குடித்த ஒரு கிண்ணம் சூப்புக்குப் பேரன் தலை குனிவது என்ன நியாயம் என்று நாம் கேட்கலாம். தாத்தாவின் ஜாதிக்காகப் பேரனின் கட்டைவிரலை மையில் தோய்த்தது மட்டும் என்ன நியாயமாம்?

பஞ்சத்துக்கு முன்பே பள்ளிக்கூடத்தில் வேறொரு காரியம் நடந்துகொண்டிருந்தது. ஐரிஷ் பாஷை பேசும் பையனின் கழுத்தில் ஒரு கோலைக் கட்டித் தொங்கவிடுவார்கள். அவன் தாய்மொழியில் ஒரு வார்த்தை பேசினால் கோலில் ஒரு வெட்டு. சாயங்காலம் வெட்டுகளை எண்ணி அத்தனை அடி. வீட்டில் பேசினால் வெட்டுப் போட்டவர்கள் பெற்றோர்களே! பிள்ளை பிழைக்க வேண்டும், கப்பலேற வேண்டும் என்ற கவலை அவர்களுக்கு. (தமிழ் பேசினால் அபராதம் விதிக்கும் நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்குக் கட்டணம் கட்டிவிட்டு வந்து இதைப் படித்துக் கோபப்படும் பெற்றோர்கள் சற்றுப் பொறுமையாக இருக்க வேண்டும்.) பஞ்சமும் கோலும் சேர்ந்து, தங்கள் மொழி என்பதே தரித்திரத்தின் அடையாளம் என்ற எண்ணத்தை ஊன்றிவிட்டன.

அந்தக் கூச்சத்தைப் போக்கப் புறப்பட்டவர்களில் முதல்வர் டக்ளஸ் ஹைட். அவர் புராடஸ்டன்டுப் பாதிரியாரின் மகன். கிராமத்து எளிய ஜனங்களிடம் ஐரிஷ் கற்றுக்கொண்டவர். 1893-இல் நண்பர்களோடு கேலிக் சங்கத்தை ஸ்தாபித்தார். 1938-இல் ஐர்லாந்தின் முதல் குடியரசுத் தலைவரானார். இவற்றையெல்லாம் சரித்திரப் புத்தகங்கள் சொல்லும். எனக்கு அவற்றைவிடப் பெரிதாகத் தோன்றுவது, புத்தகங்கள் ஓரமாகச் சொல்லும் மற்றொரு காரியம்.

1937 முதல் 1939 வரையில் ஐரிஷ் நாட்டுப்புறவியல் கமிஷனார் ஆரம்பப் பள்ளிக்கூட ஆசிரியர்களிடம் ஓர் ஏற்பாடு செய்தார்கள். பதினொன்று முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள், வியாசம் எழுதும் வகுப்புக்குப் பதிலாக, வீட்டிலும் அண்டை அயலிலும் உள்ள முதியவர்களிடம் போய்க் கேட்டு எழுதிக்கொண்டு வர வேண்டும். ஊர்க் கிணற்றின் கதை, நாட்டு வைத்தியம், பேய்க் கதை, விளையாட்டு, இவற்றோடு பஞ்ச காலத்து நினைவும் கேட்க வேண்டிய விஷயங்களில் ஒன்று. ஏறக்குறைய ஐயாயிரம் பள்ளிகள், ஐம்பதினாயிரம் குழந்தைகள், ஏழு லட்சத்து நாற்பதினாயிரம் பக்கங்கள்! அவை டப்ளின் சர்வகலாசாலையில் இன்றும் இருக்கின்றன. இணையத்தில் எவரும் வாசிக்கலாம். கோலில் வெட்டுப் போட்டது பள்ளிக்கூடம். இரண்டு தலைமுறை கழித்து, "பாட்டியிடம் போய்க் கேள், அவள் சொன்னபடியே எழுது" என்று சொன்னதும் பள்ளிக்கூடம். தன்னிடம் கேட்கப் பேரன் நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தபோது அந்தக் கிழவிக்கு எப்படி இருந்திருக்கும்?

ஐர்லாந்தார் இதனால் சுகப்பட்டுவிட்டார்கள் என்று சொல்ல வரவில்லை. சுதந்திரம் பெற்ற பின் கட்டாயப் பாடமான ஐரிஷ் மொழியைப் பல பிள்ளைகள் வேப்பங்காயாக வெறுத்தார்கள். தங்கள் சொந்தப் பாதிரிமாரும் கன்னிமாரும் நடத்திய விடுதிப் பள்ளிகளில் குழந்தைகள் பட்ட கொடுமை 2009-இல் சர்க்கார் கமிஷன் அறிக்கையாக வெளிவந்து தேசத்தைத் தலை குனியச் செய்தது. பழைய காயத்தைக் கொடியாகத் தூக்கிக்கொண்டு வட ஐர்லாந்தில் முப்பது வருஷம் அண்டை வீட்டாரைக் கொன்றவர்களும் உண்டு. 1998-இல்தான் உடன்படிக்கை ஏற்பட்டது. 1997-இல் பிரிட்டிஷ் பிரதமர் பிளேர், பஞ்சத்தின்போது லண்டனில் ஆண்டவர்கள் கடமையில் தவறினார்கள் என்று ஒப்புக்கொண்டதாக அறிக்கை வந்தது. அதை அவர் எழுதவேயில்லை, உதவியாளர்களே எழுதி வெளியிட்டார்கள் என்று 2021-இல் வெளியான தஸ்தாவேஜுகள் காட்டின. நூற்றைம்பது வருஷம் கழித்து வந்த வருத்தமும் குமாஸ்தா எழுதியதாய் முடிந்தது! வெளியிலிருந்து வரும் மன்னிப்புக்காகக் காத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி நம் பள்ளத்தாக்குக்குத் திரும்புவோம்.

பெருங்காமநல்லூர்த் துப்பாக்கிச் சத்தம் அடங்குமுன்பே சர்க்கார் சீரமைப்பு வேலையைத் தொடங்கிவிட்டது. கூட்டுறவுச் சங்கங்கள், விவசாயத்துக்கு நிலம், வேலைக்கு ஏற்பாடு, விடுதிகள், எல்லாவற்றுக்கும் மேலாகப் பள்ளிக்கூடங்கள். இலாகாவுக்கு வைத்த ஆங்கிலப் பெயர், தரிசு நிலத்தைத் திருத்திப் பயிருக்குக் கொண்டுவருவதைக் குறிக்கும் சொல். ஆனந்த் பாண்டியன் என்ற மானிடவியல் ஆராய்ச்சியாளர் கம்பம் பள்ளத்தாக்குக் குடியானவர்களோடு பழகி, 2009-இல் ஒரு நல்ல கிரந்தம் வெளியிட்டார். உழவும் ஒழுக்கமும் இங்கே எப்படி ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன என்பதே அதன் பொருள். பெரியாற்றுத் தண்ணீரை வயலுக்குள் விட்டவர்கள் கள்ளன் மனத்துக்குள்ளும் ஒரு வாய்க்கால் வெட்டிவிடலாமென்று நம்பினார்கள் போலும்.

இதில்தான் சிக்கல் இருக்கிறது. அந்தப் பள்ளிகள் தகப்பனைக் குற்றவாளி என்று வைத்துக்கொண்டு மகனை மீட்பதற்காக ஏற்பட்டவை. ஆயினும் அவை நிஜமாகவே பள்ளிகள். கரும்பலகையில் எழுதிய அகரம் கள்ளனுக்கும் அகரமே. அங்கே படித்தவர்கள் ஆசிரியர்களானார்கள், வக்கீல்களானார்கள், அதே சட்டத்தை எதிர்த்து மனு எழுதும் கை அங்கேதான் பழகிற்று. முத்துராமலிங்கத் தேவரும், ஜீவானந்தம், ராமமூர்த்தி போன்ற பொதுவுடைமையாளர்களும் மேடையில் முழங்கினார்கள். 1947-இல் சென்னை மாகாணம் சட்டத்தை ரத்து செய்தது. தேசம் முழுவதும் அது ஒழிந்தது 1952 ஆகஸ்டு 31-ஆம் தேதி. சீர்மரபினர் அந்த நாளையே தங்கள் விடுதலை நாளாகக் கொண்டாடுகிறார்கள். சுதந்திரக் கொடி ஏறி ஐந்து வருஷத்துக்குப் பிறகு அவர்களுக்கு வந்த சுதந்திரம் அது.

ஆகவே அந்தப் பெயர்ப் பலகையைப் பார்க்கும்போது ஒரு கள்ளர் குடும்பத்துப் பெரியவருக்குத் தோன்றுவது அவமானம் மட்டும் அன்று. பதினாறு உயிர் கொடுத்து வாங்கிய பள்ளிக்கூடம் என்ற எண்ணமும் உடன் வருகிறது. "பெயரை அழித்தால், எங்களுக்கு இப்படி ஒன்று நடந்ததே இல்லையென்று நாளைக்குச் சொல்லிவிடுவார்கள்" என்பதுதான் அவர்களுடைய பயம். இந்தப் பயத்தை ஜாதி வெறி என்று அலட்சியம் செய்வது தவறு.

அதற்காகப் பலகை என்றைக்கும் அப்படியே தொங்க வேண்டுமென்றும் நான் சொல்லமாட்டேன். இந்தப் பள்ளிகளில் இப்போது பல ஜாதிக் குழந்தைகளும் படிக்கிறார்கள். தாழ்த்தப்பட்ட குடும்பத்துச் சிறுமி ஒருத்தி, வேறொரு ஜாதியின் பெயரைத் தன் சீருடையில் ஏன் சுமக்க வேண்டும்? காயம் பட்டவன் காயத்தைச் சொல்லிச் சொல்லி மார் தட்டும் வித்தைக்கும் நம் ஜில்லாக்களில் குறைவில்லை. 1989-இல் போடிநாயக்கனூரில் நடந்த ஜாதிக் கலகத்தை இந்தப் பள்ளத்தாக்கு மறந்திருக்காது. சாவடியில் தூங்க வைக்கப்பட்டவனின் பேரன், சேரியிலுள்ளவனைத் தெருவில் செருப்போடு நடக்கக் கூடாதென்று சொல்வானானால், அவன் தாத்தாவிடம் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை என்றுதான் அர்த்தம்.

மூதாதையர் பட்ட துன்பம் சந்ததியாரின் உடம்பிலேயே பதிந்து வருகிறது என்று இக்காலத்து விஞ்ஞானிகள் சிலர் சொல்கிறார்கள். வேறு சிலர் மறுக்கிறார்கள். அவர்கள் வாதித்துக்கொண்டிருக்கட்டும். உடம்பில் வருகிறதோ இல்லையோ, வீட்டுப் பேச்சில் வருகிறது; பேசாமையிலும் வருகிறது. போலீஸ்காரரைக் கண்டால் காரணமில்லாமல் குரல் தாழ்வதும், காரணமில்லாமல் குரல் உயர்வதும், இரண்டுமே எங்கிருந்தோ வந்தவை.

சர்க்கார் பெயரை மாற்றுவதாக இருந்தால், முதலில் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஐர்லாந்து செய்ததை இங்கே செய்யட்டும். முந்நூறு பள்ளிக்கூடங்கள் தயாராக இருக்கின்றன, ஆசிரியர்கள் இருக்கிறார்கள், பெரிய நோட்டுப் புத்தகத்தின் விலை பெரிய தொகை அன்று. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு பருவம் முழுவதும், வாரத்துக்கு ஒரு நாள், பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு வரட்டும். அனுமதிச் சீட்டை யார் எழுதிக் கொடுத்தார்கள், அதற்கு என்ன வாங்கிக்கொண்டார்கள்? சாவடியில் பாய் உண்டா, மழை பெய்தால் எங்கே ஒதுங்கினார்கள்? பெயர் கூப்பிடும்போது பதில் குரல் கொடுக்காதவனுக்கு என்ன தண்டனை? ஆண்கள் இல்லாத இரவுகளில் அப்பத்தாமார்கள் ஒரே வீட்டில் கூடிப் படுத்தார்களா, கதவை எதைக் கொண்டு அடைத்தார்கள்? முதன்முதலாகப் பள்ளிக்கூடத்துக்குப் போன நாளில் மேல்சட்டை இருந்ததா?

கேள்விகள் இத்தோடு நின்றால் பாதிப் புத்தகந்தான் ஆகும். காவற்கூலி கொடாத ஊரில் என்ன நடந்தது என்பதையும் கேட்க வேண்டும். அதே வகுப்பில் அடுத்த பெஞ்சில் இருக்கும் பறையர், பள்ளர், சக்கிலியர் குடும்பத்துக் குழந்தைகளும், கோனார், செட்டியார் வீட்டுக் குழந்தைகளும் தங்கள் தாத்தாவிடம் கேட்டு அதே நோட்டில் எழுதட்டும். இரண்டு பக்கமும் ஒரே தைப்பில் இருக்கட்டும். சிலவற்றைப் படிக்கும்போது ஆசிரியருக்கே தர்மசங்கடமாயிருக்கும். இருக்கட்டும், பாதகமில்லை. நகல் ஒன்று பெருங்காமநல்லூரில் இருக்க வேண்டும். ஒன்று மதுரைப் பல்கலைக்கழகத்தில். ஒன்று அந்தந்தப் பள்ளியின் அலமாரியில், பூட்டாமல். அதற்குப் பிறகு பலகையில் எந்தப் பெயரை எழுதினாலும் குறைவில்லை. மாயக்காள் பெயரை எழுதலாம். ரோசாப்பூ துரை பெயரை எழுதலாம். வெறுமனே ஊர்ப் பெயரை எழுதினாலும் போதும்.

இந்த யோசனையில் அவசரமாய்க் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. சட்டம் ரத்தான 1947-இல், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சாவடிக்குப் புறப்பட்ட தகப்பனாரை வாசலில் நின்று பார்த்த பத்து வயதுப் பையனுக்கு இப்போது தொண்ணூறு வயதை நெருங்கியிருக்கும். பருவத் தேர்வு முடியட்டும், அடுத்த கல்வி ஆண்டு பார்க்கலாம் என்று ஒத்திப்போட முடியாது.